உப்பங்கரையில் மூன்று நாள்: ஒரு கிராவல் சைக்கிள் வாடகைச் சேவை பற்றி

இராமநாதபுரத்தில் புறப்பட்டு, திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி வழியாக வாலிநோக்கம் சென்று, மறுநாள் கடலோரமாகவே மண்டபம் வந்து, மூன்றாம் நாள் பாம்பன் கடந்து அரிச்சல்முனையில் முடியும் பயணத்திற்குக் கிராவல் சைக்கிளை வாடகைக்குத் தரும் ஒரு சிறிய சேவையைச் சென்ற பிப்ரவரியில் நானும் என் மைத்துனரும் பயன்படுத்தினோம். நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். கீழே சில குறைகளைச் சொல்லப் போகிறேன்; அவை எல்லாம் திருத்தக்கூடியவை என்பதால் சேவையின் பெயரை எழுதவில்லை.

நம் ஊரில் கிராவல் என்றால் வீட்டு அடித்தளத்தில் கொட்டும் சரளை மண்தான் நினைவுக்கு வரும். அந்த மண் பரப்பிய சாலையிலும் தார்ச் சாலையிலும் ஒரே வண்டியில் போகலாம் என்பதே இந்த வகைச் சைக்கிளின் கணக்கு. பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி இருக்கும். ஆனால் டயர் அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாக இருக்கும்.

சேவையின் விளம்பரத்தில் இந்தக் கரையை ‘தமிழ்நாட்டின் சார்டீனியா’ என்று எழுதியிருந்தார்கள். இத்தாலிக்குச் சொந்தமான அந்தத் தீவின் தென்மேற்குக் கரையில் ஈயமும் துத்தநாகமும் வெட்டிய பழைய சுரங்கங்கள் உண்டு. கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கும் பாறையைக் குடைந்து, கனிமத்தை நேரே கப்பலில் இறக்குவதற்காக 1924-இல் அமைத்த போர்த்தோ ஃபிளாவியா அங்கேதான் இருக்கிறது. இன்று அந்தச் சுரங்கங்களுக்குப் போன பழைய சாலைகளில் சைக்கிள் ஓட்ட ஆட்கள் வருகிறார்கள். இராமநாதபுரத்துக் கரையில் பாறைச் சரிவும் இல்லை, ஈயமும் இல்லை. ஆயினும் இங்கும் பூமியிலிருந்தும் கடலிலிருந்தும் வெட்டியும் வாரியும் எடுத்த வரலாறு ஒன்று உண்டு. அது உப்பும் பவளக்கல்லும். விளம்பரம் எழுதியவர் அதை மனத்தில் வைத்துத்தான் எழுதினாரோ என்ற நம்பிக்கையோடு போனேன். இல்லை என்பது முதல் நாள் மாலையே தெரிந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் சைக்கிள்.

சைக்கிளில் குறை சொல்ல அதிகம் இல்லை. இரும்புச் சட்டம், 45 மில்லிமீட்டர் டயர், முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும் பின்னால் பதினொன்றும், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். மேடே இல்லாத இந்தச் சமவெளிக்கு இத்தனை கியர் எதற்கு என்று முதல் நாள் காலையில் சிரித்தேன். இரண்டாம் நாள் எதிர்காற்றில் அவை அத்தனையும் வேண்டியிருந்தன. இருக்கையின் உயரத்தைப் புறப்படும் முன் ஒருமுறையும், பத்து நிமிடம் ஓட்டவிட்டு இன்னொரு முறையும் சரிசெய்து கொடுத்தார்கள். வாடகைக்கு வண்டி தருபவர்களிடம் நான் இதற்கு முன் கண்டிராத பொறுமை அது.

இந்தக் கரையில் சைக்கிளின் முதல் எதிரி சீமைக்கருவேல முள். விறகுக்கும் கரிமூட்டத்திற்கும் வெட்டிய கிளைகளை மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் ஏற்றிச் செல்லும் பாதையெல்லாம் முள் சிந்திக் கிடக்கும். விரல் நீளத்திற்கு இருக்கும் முள்ளும் உண்டு. சாதாரண டியூப் போட்ட சைக்கிளில் வந்தால் பம்பும் கையுமாகத்தான் நிற்க வேண்டும். இவர்கள் டியூப் இல்லாத டயரில் சீலண்ட் என்னும் பால் போன்ற திரவத்தை ஊற்றித் தருகிறார்கள். முள்ளைப் பிடுங்கியதும் சக்கரத்தைச் சுழற்றி ஓட்டை கீழே வரும்படி நிறுத்தினால், திரவம் அங்கே வந்து உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். திருப்புல்லாணியைத் தாண்டிச் சேதுக்கரைப் பக்கம் திரும்பிய மண்பாதையில் மட்டும் என் பின் டயரிலிருந்து ஏழு முள் எடுத்தேன், காற்று இறங்கவில்லை. இந்த வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதை அறிந்து, ஒவ்வொரு வாடகைக்கும் முன்னால் சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, சத்தம் குறைந்திருந்தால் ஊற்றிக்கொள்கிறார்கள். டயரின் காற்றழுத்தத்தை முப்பது பி.எஸ்.ஐ. அளவில் வைத்துக் கொடுத்ததும் சரியான முடிவே. மணலில் அது இறுக்கமாகத்தான் இருந்தது, தார்ச் சாலையில் சற்றுச் சோம்பியது, ஆனால் முதுகு வலிக்கவில்லை.

ஏர்வாடியைக் கடந்ததும் நிலம் மாறுகிறது. பனை குறைந்து, பச்சை என்று சொல்ல உடைமரமும் கருவேலமும் மட்டும் மிஞ்சி, பிறகு அதுவும் விலகி, வாலிநோக்கத்தை நெருங்க நெருங்கக் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். தமிழ்நாடு அரசின் உப்புக் கழகம் 1974-இல் தொடங்கப்பட்டது. அதன் உற்பத்தி நடப்பது இந்தப் பக்கத்தில்தான். 2022-இல் அரசு அறிமுகப்படுத்திய ‘நெய்தல்’ உப்புப் பொட்டலத்தை வாங்கியவர்கள் இந்த மண்ணைச் சமையலறையில் ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள்.

நாங்கள் போனது உப்புப் பருவத்தின் தொடக்கம். வடகிழக்கு மழையில் கரைந்து கிடந்த பாத்திகளை மிதித்துக் கெட்டித்து, தண்ணீர் ஏற்றி, முதல் வாரல் நடந்துகொண்டிருந்தது. கடல்நீரின் அடர்த்தி, உப்புநீரை அளக்கும் போமே அளவையில், மூன்று, மூன்றரை டிகிரி. அதைப் பெரிய தேக்கத்தில் நிறுத்தி, வெயிலில் சுண்டவைத்து, அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றிக்கொண்டே போகிறார்கள். வழியில் ஜிப்சம் முதலில் படிந்து விலகும். இருபத்தைந்து டிகிரி அளவில் உப்புப் பூக்கத் தொடங்கும். முப்பதை நெருங்கும் முன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். ஆக, ஒவ்வொரு பாத்தியும் தனக்கென்று ஒரு டிகிரி உள்ள தனி நீர். இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு முழ அகல மண்கரை மட்டுமே.

இதை எனக்குச் சொன்னவர் வழிகாட்டி அல்லர். நாளுக்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அமர்த்திய அந்தத் தம்பி, ‘போட்டோவுக்கு நல்லா இருக்கும் சார்’ என்று சொல்லிச் சைக்கிளை உள்கரை மேல் ஏற்றச் சொன்னார். நான் ஏற்றியதும், வாருபலகையோடு நின்ற வயதான அம்மா ஒருவர் குரல் கொடுத்தார்:

“தம்பி, கரை மேல சைக்கிள ஏத்தாதிய. கரை உடைஞ்சா அந்தத் தண்ணி இதுல கலந்துரும். பத்து நாளு வெயிலு வீணாப் போயிரும்.”

“தெரியாம ஏத்திட்டோம் ஆத்தா, இறங்கிக்கிறோம்” என்றேன். அவர் பெரிதுபடுத்தவில்லை. எந்தப் பாத்தி எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீரின் நிறத்தையும் விளிம்பில் கட்டும் ஆடையையும் காட்டியே விளக்கினார். மூன்று நாளில் நான் கேட்ட மிக நல்ல விளக்கம் அந்தக் கால்மணி நேரந்தான். அதற்கு நான் கட்டணம் எதுவும் கட்டவில்லை. உப்பளத்தின் உட்கரைகள் பொதுவழி அல்ல, வேலைக்களம். லாரி போகும் வெளிக்கரைச் சாலையே சைக்கிளுக்குப் போதும். சேவைக்காரர்கள், செல்போனில் பார்த்துப் போகத் தரும் தங்கள் வழித்தடக் கோப்பிலிருந்து அந்த உள்கரைத் துண்டை நீக்கிவிட வேண்டும். கூடவே, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்து முகத்தில் அடிக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி அவசியம் என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.

அடுத்து, பயணத்தின் திசை. ஆண்டு முழுவதும் ஒரே வரிசையில்தான் இவர்கள் பயணத்தை நடத்துகிறார்கள்: முதல் நாள் தென்மேற்காக வாலிநோக்கம், பிறகு இரண்டு நாள் கிழக்காக இராமேசுவரம் தீவை நோக்கி. தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் ஜூன், ஜூலையில் இது அருமையான ஏற்பாடு. காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளும். பிப்ரவரியிலோ வாடை இன்னும் ஓயவில்லை. வாலிநோக்கத்திலிருந்து மண்டபம் வரை ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரும் எதிர்காற்று. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தைப் பிடிப்பதே பாடாக இருந்தது. என் மைத்துனர் பெரியபட்டினத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்துவிட்டு, மலையேற்றமாக இருந்தால் இறக்கமாவது வரும் என்றார். கடலுக்குப் போகும் எவரிடம் கேட்டாலும் காற்று எப்போது திரும்பும் என்று மாதம் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு மார்ச் வரை பயணத்தைத் தலைகீழாக நடத்துவதில் இவர்களுக்கு என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

அந்த இரண்டாம் நாள் பாதை, காற்றை மறந்துவிட்டால், மூன்று நாளிலும் சிறந்தது. கீழக்கரையில் சங்கு குளித்த மரபும், கல்தூண்களோடு நிற்கும் பழைய ஜும்மா பள்ளிவாசலும் இருக்கின்றன. பெரியபட்டினம் இடைக்காலத்தில் துறைமுகமாக இருந்த ஊர். சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்த மண். அதன் பின்னர் தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து புதுமடம் பக்கம் வெளியேறும் மணல்பாதையில்தான் இந்த அகல டயருக்கு உண்மையான வேலை கிடைத்தது. வழித்தடக் கோப்பு ஓரிடத்தில் எங்களைக் கருவேலக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. அரை கிலோமீட்டர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

இந்தப் பாதை முழுவதும் வலப்புறம் இருப்பது மன்னார் வளைகுடா. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள் தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றுள் இரண்டு இப்போது நீருக்கு மேல் இல்லை. தீவுகளைச் சுற்றி, மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடித் திட்டுகளிலிருந்து பல பத்தாண்டுகளாகப் பவளக்கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும், சிமெண்ட், கார்பைடு ஆலைகளுக்கும், வீட்டுச் சுவருக்கும் அது போயிற்று. தீவைச் சுற்றி அலையைத் தடுத்து நின்ற கல் போனதும் மண்ணை அலை தின்றது. 2001-இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சார்டீனியாவை விளம்பரத்துக்கு இழுத்தவர்கள் சொல்லியிருக்க வேண்டிய கதை இது. ஆனால் அவர்கள் தந்த நான்கு பக்கக் கையேட்டில் பவளம் என்ற சொல் ஒரே ஒரு முறை, ‘பவளப்பாறைகளைக் கண்ணாடிப் படகில் காணலாம்’ என்று வருகிறது.

சாப்பாடும் தங்குமிடமும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வாலிநோக்கத்தில் ஒரு வீட்டு மாடி, மண்டபத்தில் ஒரு விடுதி, இரண்டும் சுத்தம். வாலிநோக்கத்து வீட்டில் இரவு கிடைத்த ஊளி மீன் குழம்புக்காக மறுபடியும் போகலாம்.

மூன்றாம் நாள் கிராவல் சைக்கிள் தேவையே இல்லை. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக்காற்று பலமாக இருக்கும். படம் எடுக்க நிறுத்திய கார்களுக்கும் ஓடும் பேருந்துகளுக்கும் இடையே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். 1914-ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தது அங்கே கிடைத்த ஆறுதல். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை இப்போது தார்ச் சாலை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரருகே மட்டும் இறங்குங்கள். சுவரின் காரை உதிர்ந்த இடங்களில் பவளக்கல்லின் தேன்கூட்டுத் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். கடலுக்குள் இல்லாமல் போன தீவுகளைப் பற்றி முந்தின நாள் முதல் யோசித்தபடி வந்தவனுக்கு, அந்தக் கல் எங்கே போயிற்று என்பதற்கு ஒரு சிறு பதில் அந்தச் சுவரில் இருந்தது. வழிகாட்டித் தம்பி அப்போது சாலையோரத்தில் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

வாடகை நாளுக்கு 900 ரூபாய், முன்பணம் 5,000. அந்தச் சைக்கிளுக்கு இது நியாயமான விலை. வழிகாட்டிக்குக் கொடுத்த பணத்தை நான் மறுமுறை கொடுக்க மாட்டேன். சைக்கிளையும் வழித்தடக் கோப்பையும் மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்.

எனக்கு மனவருத்தம் ஏற்பட்ட இடம் கடைசியில், சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது. இரண்டாம் நாள் காலையிலேயே சங்கிலியில் பழுப்பு படியத் தொடங்கி, மூன்றாம் நாள் கியர் மாற்றும்போது கரகரத்தது. பிரேக் கேபிளும் இறுகியது. உப்பளப் புழுதியும் கடற்காற்றும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். அன்றன்று மாலை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டிருந்தால் ஆகியிருக்காது. ஆனால் அவர்கள் தந்த பையில் பஞ்சர் சாமான் எல்லாம் இருந்ததே தவிர, ஒரு துணியோ சிறு எண்ணெய்ப் புட்டியோ இல்லை. குடிக்கவே லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் வீட்டில் சைக்கிள் கழுவத் தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முன்பணத்தில் சங்கிலிக்கென்று 600 ரூபாய் பிடித்தார்கள். முள்ளுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் உப்புக்கு ஏன் யோசிக்கவில்லை என்று கேட்டேன். சற்று நேரம் தங்களுக்குள் பேசிவிட்டு 300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். இனி பைகளை ஏற்றிவரும் வண்டியில் சைக்கிள் கழுவ இரண்டு கேன் தண்ணீரும் துணியும் எண்ணெயும் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஜூனில் கச்சான் காற்றோடு போகிறவர்கள், புறப்படும் முன் அந்தக் கேன் வண்டியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.