ஆறு பேருக்கு எந்தக் கப்பல்? சென்னை, சிங்கப்பூர், ஆலப்புழை

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேரும் ஒரு முறையாவது சேர்ந்து கப்பலில் போய்வர வேண்டும் என்று பேச்செடுத்த நாளிலிருந்து இரண்டு மாதம் வரை, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கப்பல் படங்கள் மட்டுமே வந்துகொண்டிருந்தன. தேதி வரவில்லை, பணக் கணக்கும் வரவில்லை. "நீங்க முடிவு பண்ணுங்கடா, நான் வந்துடுறேன்" என்று ஒருவன் எழுதிய நாளில்தான் எனக்குக் கவலை தொடங்கியது. எந்தக் குழுவிலும் கடைசி நேரத்தில் பின்வாங்குபவர் அப்படி எழுதியவராகவே இருப்பார். ஆகவே படங்களை ஒதுக்கிவிட்டு, சென்னையில் வசிக்கும் ஒரு குழுவுக்கு உண்மையில் கைக்கெட்டும் மூன்று வழிகளை விடுப்பு, ஆவணம், பணம், பேசக் கிடைக்கும் நேரம் ஆகியவற்றை வைத்து எடைபோட்டுப் பார்த்தேன்.

முதலாவது, சென்னைத் துறைமுகத்திலிருந்தே கிளம்பும் கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல். மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழை கொந்தளிக்கும் மாதங்களை ஒட்டி, 2022 முதல் இந்தக் கப்பலைச் சென்னைப் பக்கம் கொண்டுவருகிறார்கள். கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் இரண்டு இரவுப் பயணமும், இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டு வரும் ஐந்து இரவுப் பயணமும் இதில் உண்டு. இரண்டாவது, சிங்கப்பூர் சென்று, அங்கே மரினா பே முனையத்திலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் ஒன்றில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாக மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிள்ளான், தாய்லாந்தின் புக்கெட் ஆகிய ஊர்களில் ஒன்றையோ இரண்டையோ பார்த்துத் திரும்புவது. மூன்றாவது, ஆலப்புழையில் ஒரு படகு வீட்டை முழுதாக வாடகைக்கு எடுத்து வேம்பநாட்டுக் காயலில் ஓர் இரவோ இரண்டு இரவோ தங்குவது. இதைக் கப்பல் பயணத்தில் சேர்க்கலாமா என்று குழுவில் சண்டையே நடந்தது. தண்ணீரில் தூங்கி, தண்ணீரில் சாப்பிட்டு, கரையைத் தூரத்திலிருந்து பார்ப்பதுதான் நோக்கம் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம் என்பது என் கட்சி.

விடுப்பைப் பொறுத்தவரை வேறுபாடு வெளிப்படையானது. ஆலப்புழை எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமை இரவு சென்னை சென்ட்ரலில் ஏறினால் சனிக்கிழமை முற்பகலில் ஆலப்புழையில் இறங்கலாம். படகில் ஏறும் நேரம் நண்பகல், இறங்கும் நேரம் மறுநாள் காலை ஒன்பது மணி என்பதால், ஞாயிறு பிற்பகல் ரயிலைப் பிடித்துத் திங்கள் விடிகாலையில் வீடு வந்து சேரலாம். ஒரு நாள்கூட விடுப்பு வேண்டாம். சென்னையின் இரண்டு இரவுக் கப்பலுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ போதும். சிங்கப்பூரில் மூன்று இரவுக் கப்பல் என்றால், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது என்பதால் ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்க வேண்டும். எப்படிச் சுருக்கினாலும் ஐந்து நாள் ஆகிவிடும். ஆறு பேரின் அலுவலகங்களும் ஒரே வாரத்தில் ஐந்து நாள் விட வேண்டும் என்றால், மூன்று மாதம் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

ஆவணங்களில்தான் நாங்கள் அடிபட்டோம். ஆலப்புழைக்கு ஆதார் அட்டை போதும். சென்னையிலிருந்து வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் திரும்பும் பயணத்துக்கும் அரசு அடையாள அட்டை இருந்தால் போதுமானது. இலங்கைக்கோ சிங்கப்பூருக்கோ போவதென்றால், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் எல்லோரிடமும் இருக்க வேண்டும். எங்களில் ஒருவனுடைய பாஸ்போர்ட்டுக்கு மீதமிருந்தது நான்கு மாதம். அதைவிடப் பெரிய தொல்லை, தமிழ்ப் பெயர்களின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டிருக்க, முன்பதிவு செய்து கொடுத்த முகவர் ஒருவர் பெயருக்கு முன்னால் 'கே' என்று மட்டும் போட்டு அனுப்பிவிட்டார். அதைத் திருத்த ஒரு வாரம் அலைந்தோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக உள்ளவர்கள் இந்த இடத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் பக்கத்தின் படத்தை எல்லோரிடமிருந்தும் வாங்கி, அதைப் பார்த்தே ஒருவர் தட்டச்சு செய்வதுதான் பாதுகாப்பு.

சிங்கப்பூர் வழிக்கு விசாவும் உண்டு. கப்பலில் ஏறும்போது அந்த நாட்டை விட்டு வெளியேறி, திரும்பும்போது மீண்டும் நுழைகிறோம் என்பதால், ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா இதற்கு உதவாது. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியாவில் குறுகிய காலத் தங்கலுக்கு விசா தேவையில்லை என்றாலும், இணையவழி வருகைப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். இத்தகைய சலுகைகள் அவ்வப்போது மாறுபவை, ஆகவே பணம் கட்டும் வாரத்தில் மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, படகு வீட்டில் படகுக்கு விலை, கப்பலில் தலைக்கு விலை என்பது. மூன்று படுக்கையறை கொண்ட படகு வீடு சாதாரண நாள்களில் பெரும்பாலும் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் மூன்று வேளைச் சாப்பாட்டுடன் கிடைத்துவிடும். ஆறு பேர் பங்கிட்டால் ஒரு நல்ல ஹோட்டல் அறையின் வாடகைகூட ஆகாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. கப்பலில் விளம்பரத்தில் காணும் தொகை பாதிக் கதைதான். அதன்மேல் துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்காக ஒரு தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் அன்பளிப்புத் தொகை, இணைய இணைப்பு, கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு ஆகியவை வந்து சேரும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்று, விற்பவரே நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரியையும் முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், பயணத்துக்கு முன்னால் கையிலிருந்து போகும் பணம் அது.

நண்பர்கள் குழுவுக்கே உரிய ஒரு விலைச் சிக்கலும் உண்டு. கப்பல் அறையின் விலை இருவர் தங்குவதாக வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. தனியாகத் தங்குபவர் ஏறக்குறைய இரண்டு பேருக்கான தொகையைக் கட்ட நேரிடும். ஆறு பேர் மூன்று அறைகளில் சிக்கலின்றி அடங்குவார்கள், ஆனால் கடைசி நேரத்தில் ஒருவர் கழன்றுகொண்டு ஐந்து பேரானால் அந்தச் சுமை மற்றவர்கள் தலையில் விழும். ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும் என்பதைப் பார்த்து நான்கு பேரை ஓர் அறையில் திணிக்க நினைப்பவர்கள், கழிவறை ஒன்றுதான் என்பதையும், மேல்படுக்கை ரயிலின் மேல்படுக்கையைப் போலச் சுவரிலிருந்து இறங்குவது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மதுவுக்கு மொத்தமாக முன்பணம் கட்டும் தொகுப்பை வாங்கும்போது, ஓர் அறையில் ஒருவர் வாங்கினால் அந்த அறையிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்ற விதி சில நிறுவனங்களில் இருக்கிறது. குடிப்பவரையும் குடிக்காதவரையும் ஒரே அறையில் போடுவதற்கு முன் இந்த விதியைப் படித்துவிடுவது நட்புக்கு நல்லது.

கப்பலாக மட்டும் ஒப்பிட்டால் போட்டியே இல்லை. எம்பிரஸ் 1990-இல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது; ஏறத்தாழ 48,500 டன் அளவும் 210 மீட்டர் நீளமும் கொண்டது. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஓடும் கெண்டிங் டிரீம் 2016-இல் வந்தது. ஒன்றரை லட்சம் டன், 335 மீட்டர். (இந்த டன் கப்பலின் எடையைக் குறிப்பதன்று, உள்ளிடத்தின் கொள்ளளவைக் குறிப்பது.) பழைய கப்பலில் அறைகள் சிறியவை, பால்கனி வைத்தவை குறைவு, புதியதில் பெரும்பாலான அறைகளுக்குப் பால்கனி உண்டு. உணவில் மட்டும் சென்னைக் கப்பலுக்கு ஒரு சாதகம் இருக்கிறது: பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதால், மரக்கறி மட்டும் உண்பவரோ ஜைன உணவு கேட்பவரோ அங்கே தனித்து நிற்க வேண்டியதில்லை.

நண்பர்களோடு போவதில் கப்பலின் அளவைக் காட்டிலும் முக்கியமானது, ஆறு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம். பெரிய கப்பலில் ஒருவன் நீச்சல் குளத்திலும் ஒருவன் சூதாட்டக் கூடத்திலும் இருவர் நாடக அரங்கிலும் இருப்பார்கள். கடலில் கைபேசிக் கோபுரம் கிடையாது, கப்பலின் சொந்த அலைவரிசையில் தெரியாமல் இணைந்துவிட்டால் ரோமிங் கட்டணம் தாறுமாறாக ஏறும், எனவே கைபேசி 'ஏர்பிளேன் மோடில்'தான் இருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு மணி, பின்தளத்துப் படிக்கட்டு என்று கிளம்பும் முன்பே பேசி வைக்காவிட்டால், மூன்று நாளும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். படகு வீட்டில் இதற்கு நேர்மாறு. முன்புறத்தில் ஒரே கூடம், ஒரே மேசை, ஓட்டுநரும் சமையல்காரரும் உதவியாளும் தவிர வேறு யாருமில்லை. அயினி மரப் பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டியதால் கெட்டுவள்ளம் என்று பெயர் பெற்ற அந்தப் படகுகள், ஒரு காலத்தில் குட்டநாட்டின் நெல் மூட்டைகளைச் சுமந்தவை. மீனவர்கள் இரவில் வலை விரிப்பதால், மாலை ஐந்தரை ஆறு மணிக்குள் படகைக் கரையோரம் கட்டிவிட வேண்டும். 'இரவு முழுதும் மிதந்துகொண்டே போகலாம்' என்று நம்பி வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், எங்களைப் போலப் பேசுவதற்காகவே போகிறவர்களுக்கோ அதுவே வசதி. வாழையிலையில் சுற்றிப் பொரித்த கரிமீன் தட்டுகள் காலியான பிறகும் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள், போக இடமும் கிடையாது. ஒரு குறையைச் சொல்ல வேண்டும்: பல படகுகளில் குளிர்சாதனம் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரைதான் ஓடும். பகல் முழுதும் ஓட வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்பது அடுத்த கேள்வி. காயலில் அலை இல்லை, ஆகவே அங்கே தலைசுற்றல் பற்றிய பேச்சே எழாது. மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் நடுவே ஒதுங்கிக் கிடப்பதால் பெரும்பாலும் அமைதியானது. பெரிய கப்பலில் நகர்வதே தெரியாத நேரங்கள் உண்டு. வங்காள விரிகுடாவில் அப்படி உறுதி சொல்ல முடியாது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் வேறு. பயம் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை கேட்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் அங்கேதான் குறைவு.

கரை இறங்கும் ஊர்களில் என் வாக்கு பினாங்குக்கு. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து நடந்தே ஜார்ஜ் டவுனுக்குள் நுழைந்துவிடலாம். குயின் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும், அதைச் சுற்றிய தமிழ்க் கடைகளும் அங்கே இருக்கின்றன. போர்ட் கிள்ளானில் இறங்கிக் கோலாலம்பூரைப் பார்க்க நினைத்தால், பேருந்திலேயே போக ஒரு மணி, வர ஒரு மணி கழிந்துவிடும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவதால், வரிசையிலேயே காலை போகும். இலங்கைப் பயணத்தில் திருகோணமலையும் காங்கேசன்துறையும் கிடைக்கின்றன. கோணேசர் கோயிலையும், காங்கேசன்துறைக்கு அருகிலுள்ள கீரிமலையையும் ஒரே பயணத்தில் பார்க்கக் கிடைப்பது எளிய விஷயமல்ல. ஆனால் பட்டியலில் உள்ள துறைமுகம் கட்டாயம் என்று எண்ணக் கூடாது. 2022 ஜூனில் புதுச்சேரி அரசு அனுமதி தராததால் எம்பிரஸ் கப்பல் அங்கே ஆட்களை இறக்காமலே திரும்பியது.

இத்தனையும் பார்த்த பிறகு, சென்னையின் இரண்டு இரவுப் பயணத்தை நண்பர்கள் குழுவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் நாள் பிற்பகல் ஏறி, மூன்றாம் நாள் காலை இறங்கும் அதில் முழு நாள் என்பது ஒன்றுதான். அதற்குள் எல்லாவற்றையும் அனுபவித்துவிட வேண்டும் என்ற அவசரமே மிஞ்சும். குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு அது வேறு கணக்கு. ஐந்து இரவு இலங்கைப் பயணம் விடுப்பு உள்ளவர்களுக்கு நன்று. கப்பல் என்ற அனுபவமே வேண்டும், பணமும் பாஸ்போர்ட்டும் தயார் என்பவர்கள் சிங்கப்பூர் போகட்டும், ஆனால் பினாங்கைத் தொடும் பயணமாகப் பார்த்து எடுக்கட்டும். எங்கள் ஆறு பேரில் ஒருவனுடைய பாஸ்போர்ட் இன்னும் காவல்துறைச் சரிபார்ப்பில் நிற்கிறது. ஆகவே ஜனவரி இரண்டாம் வாரத்துக்கு மூன்று அறைப் படகு ஒன்றுக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன். உயிர்காப்பு உடுப்பு ஆறும் படகில் இருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று நான் இரண்டு கேள்வி கேட்டேன். படகுக்காரர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, கரிமீன் எத்தனை பேருக்கு என்று.