குட்டை எட்ஜ் ரஷரா, நெட்டை எட்ஜ் ரஷரா?

அமெரிக்கக் கால்பந்தில் எதிரணியின் தடுப்பு வரிசையை ஓரமாகச் சுற்றிச் சென்று, பந்தை எறியும் ஆட்டக்காரரான குவாட்டர்பேக்கை, எறிவதற்கு முன்பே வீழ்த்துவது எட்ஜ் ரஷரின் வேலை. அப்படி வீழ்த்துவதை சாக் என்பார்கள். இந்த இடத்துக்கு, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் நெடிய ஆட்களையே தேடுகின்றன. அந்தத் தேடலுக்கு அச்சு அசலாகப் பொருந்தியவர் ஜூலியஸ் பெப்பர்ஸ்: 6 அடி 7 அங்குலம், அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2002-இல் இரண்டாவது தேர்வு, மொத்தம் 159.5 சாக். அவருக்கு நேர் எதிர் எல்விஸ் டூமர்வில். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 20 சாக் எடுத்திருந்தும், உயரம் 5 அடி 11 அங்குலம் என்பதால் 2006 டிராஃப்டில் 125 பேர் போன பிறகே டென்வர் அணி அவரை எடுத்தது. அவரோ 2009-இல் 17 சாக்குடன் லீக்கில் முதலிடம் பிடித்தார். ஓய்வு பெறும்போது கணக்கு 105.5.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? பந்து நகர்ந்த கணத்தில், ஆறரை அடி உயரமுள்ள டேக்கிள், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர், பின்வாங்கியபடியே இரு கைகளையும் ரஷரின் மார்பை நோக்கி நீட்டுகிறார். பெப்பர்ஸின் மார்பு அந்தக் கைகளுக்கு நேராகவே இருக்கும். அவர் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும், அல்லது பலத்தால் ஆளையே பின்னுக்குத் தள்ள வேண்டும். டூமர்வில்லின் மார்போ இயல்பாகவே கீழே இருக்கிறது. அதைப் பிடிக்க டேக்கிள் இடுப்பை வளைத்தால் காலூன்றல் போய்விடும். ஆனால், உயரத்துக்கு மீறிய நீளமான கைகள் டூமர்வில்லுக்கு இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. குட்டையான உடலோடு குட்டையான கைகளும் சேர்ந்தால் இந்தக் கணக்கு தேறாது என்பதே என் எண்ணம்.

குவாட்டர்பேக்கைத் துரத்துவதில் குட்டையர் ஈடுகொடுத்துவிடுகிறார்; சிக்கல், எதிரணி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும்போதுதான். 2006 பருவத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் இரு ஓரங்களிலும் 6 அடி 1 அங்குல டுவைட் ஃப்ரீனியும் 6 அடி 2 அங்குல ராபர்ட் மாத்திஸும் நின்றார்கள். அந்த அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 173 கெஜம் ஓட்டத்தில் எதிரணிக்கு விட்டுக்கொடுத்தது, லீக்கிலேயே மிக மோசமான கணக்கு. டிசம்பரில் ஜாக்சன்வில் அணி அவர்களுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 375 கெஜம் ஓடியது. பழியை அவ்விருவர் தலையில் மட்டும் போட முடியாது. ஆனாலும் இடித்து வருபவர்களை ஓரத்தில் நின்று தாங்க, எடை கூடிய பெப்பர்ஸ் வகை ஆளே மேல்.

அதே கோல்ட்ஸ்தான் அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது. அவர்களின் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங் புள்ளிகளைக் குவித்து முன்னிலை பெற்றுத் தந்ததால், பின்தங்கிய எதிரணிகள் ஓடுவதை விட்டுவிட்டுப் பந்தை எறிந்தாக வேண்டியிருந்தது. ஃப்ரீனி சுழன்று உள்ளே புகுவதற்கு அதைவிட வாகான தருணம் இல்லை. ஆகவே, வலுவான தாக்குதல் வரிசை உள்ள அணி தயங்காமல் குட்டையரை எடுக்கலாம். அடிக்கடி பின்தங்கும் அணிக்கு நெட்டையரே உகந்தவர்.

எடுத்த பிறகு ஓரத்தில் நிறுத்தவும் வேண்டும். 6 அடி 1 அங்குல ஹாசன் ரெடிக்கை 2017-இல் 13-ஆவது தேர்வாக எடுத்த அரிசோனா அணி, அவரைப் பெரும்பாலும் உள்வரிசையிலேயே ஆடவைத்தது. மூன்று பருவங்களில் கிடைத்தது 7.5 சாக். 2020-இல் ஓரத்துக்கு மாற்றியதும் அந்த ஒரே பருவத்தில் 12.5 எடுத்தார். 2022-இல் ஃபிலடெல்ஃபியாவுக்காக 16.