புஷ் அரசு விட்டுச்சென்ற மருந்துக் காப்பீடு: இருபது ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

2009 ஜனவரி 20 அன்று ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கியபோது, அவர் அரசின்மேல் முற்போக்காளர்கள் சொன்ன குறைகள் ஏராளம். ஈராக் போர், குவாண்டனாமோ சிறை, காத்ரீனா புயலில் தத்தளித்த நியூ ஆர்லியன்ஸ், பணக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்த வரிச்சலுகை, கடைசி ஆண்டின் நிதிச் சரிவு. அந்த வரிசையில் குறைவாகப் பேசப்பட்ட ஒன்று இன்றும் 5 கோடிக்கு மேற்பட்டவர்களின் மாத்திரைச் செலவைத் தீர்மானிக்கிறது. அதுதான் மெடிகேர் பார்ட் டி: முதியவர்களுக்கும் ஊனமுற்றோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் மருந்துப் பிரிவு. அந்த அரசு மக்கள் நலனுக்கென்று செய்த மிகப் பெரிய காரியமும் இதுவே. கெட்ட காரியங்களைவிட, ஒரு அரசின் குணம் அது நல்லது செய்த விதத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் நியாயமாகச் சொல்லவேண்டியது: இந்தத் திட்டம் தேவைப்பட்டது. 1965-இல் வந்த மெடிகேர், முதியவர்களின் மருத்துவமனைச் செலவையும் மருத்துவர் கட்டணத்தையும் ஏற்றது. கடையில் வாங்கும் மாத்திரைக்குப் பெரும்பாலும் எதுவும் தரவில்லை. வடக்கு மாநிலங்களின் முதியவர்கள் பேருந்து ஏறிக் கனடாவுக்குப் போய் மருந்து வாங்கிவந்த காலம் அது. பார்ட் டி நடைமுறைக்கு வந்த 2006 ஜனவரி 1-க்குப் பிறகு பல லட்சம் பேருக்கு முதல்முறையாக மருந்துக் காப்பீடு கிடைத்தது. இதை மறுத்துவிட்டுச் செய்கிற விமர்சனம் நிற்காது. கோளாறு, அதைக் கட்டிய விதத்தில்.

சட்டம் பிறந்த கதையிலேயே அது தெரிகிறது. 2003 நவம்பர் 22 அன்று, விடியற்காலை 3 மணி வாக்கில் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு தொடங்கியது. வழக்கமாக 15 நிமிடத்தில் முடிவது. அன்று தோற்கும் நிலையில் இருந்ததால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் திறந்தே வைத்து, உறுப்பினர்களை மடக்கிப் பேசி, 220-க்கு 215 என்று நிறைவேற்றினார்கள். பத்தாண்டுச் செலவு சுமார் 400 பில்லியன் டாலர் என்றே காங்கிரஸிடம் சொல்லப்பட்டிருந்தது. மெடிகேரின் தலைமைக் கணக்காளர் ரிச்சர்ட் ஃபாஸ்டரின் கணக்கோ 500 பில்லியனைத் தாண்டியிருந்தது. அந்தக் கணக்கைக் காங்கிரஸுக்குக் கொடுத்தால் வேலை போகும் என்று மெடிகேர் நிர்வாகி தாமஸ் ஸ்கல்லி அவரை மிரட்டியது பின்னர் விசாரணையில் உறுதியானது. டிசம்பர் 8 அன்று புஷ் கையெழுத்திட்டார். அடுத்த சில வாரங்களில் அரசே 534 பில்லியன் என்று ஒப்புக்கொண்டது. சட்டத்தை வடித்தவர்களில் முக்கியமானவரான பில்லி டாஸின், 2005-இல் மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவராகப் போனார்.

இனி கட்டமைப்பு. அரசு நேரடியாக மருந்துக் காப்பீடு தராது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் திட்டம் விற்கும், முதியவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாத பிரீமியம் கட்டுவார், அரசு அந்த நிறுவனத்துக்கு மானியம் தரும். 2006-இன் அடிப்படைத் திட்டம் இப்படி இருந்தது: முதல் 250 டாலர் முழுக்கத் தன் கைக்காசு. அதன்பின் மருந்துச் செலவு மொத்தம் 2,250 டாலரை எட்டும்வரை நாலில் ஒரு பங்கு. அதற்கு மேல் 5,100 வரை மீண்டும் முழுத்தொகையும் கைக்காசு. அதையும் தாண்டினால் 5 சதவீதம். நடுவில் இருந்த இந்த இடைவெளியைத்தான் எல்லோரும் 'டோனட் ஓட்டை' என்றார்கள்.

மாதம் 400 டாலருக்கு மருந்து சாப்பிடும் ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டால் நிலைமை புரியும். ஜனவரியில் 287.50 கட்டுவார். பிப்ரவரி முதல் மே வரை மாதம் 100. திட்டம் நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஜூன் நடுவில் ஓட்டைக்குள் விழுவார். அந்த மாதம் 212.50. ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம் 400, ஒரு சென்ட் குறையாமல். ஆண்டுச் செலவு 4,800-இல் அவர் கொடுப்பது 3,300, திட்டம் கொடுப்பது 1,500. மாதம் 32 டாலர் சொச்சம் பிரீமியத்தை, ஒன்றும் கிடைக்காத அந்த ஆறு மாதமும் கட்டவேண்டும். ஜூலையில் கவுண்டருக்கு வந்தவர்கள் பில்லைப் பார்த்துத் திகைத்தார்கள். பலர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டார்கள், சிலர் ஒன்றுவிட்டு ஒருநாள் சாப்பிட்டார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அப்படிச் சாப்பிட்டால் அது மருந்தே இல்லை.

ஓட்டை ஏன் வந்தது? 400 பில்லியன் என்ற எல்லைக்குள் திட்டத்தைத் திணிக்கவேண்டியிருந்தது. விலையைக் குறைத்து அந்த எல்லைக்குள் வந்திருக்கலாம். அந்த வழியைச் சட்டமே அடைத்தது: மருந்து நிறுவனங்களுக்கும் காப்பீட்டுத் திட்டங்களுக்கும் நடக்கும் பேரத்தில் சுகாதார அமைச்சர் தலையிடக் கூடாது என்று ஒரு வரி எழுதப்பட்டது. விலையில் கை வைக்க முடியாதபோது குறைக்க மிச்சமிருந்தது முதியவருக்குக் கிடைக்கும் பயன் மட்டும்தான்.

அதே அரசின் இன்னொரு துறை, முன்னாள் படைவீரர் நலத்துறை, 1992 சட்டப்படி பிராண்டு மருந்துகளைச் சந்தைச் சராசரியைவிடக் குறைந்தது 24 சதவீதம் தள்ளி வாங்கிக்கொண்டிருந்தது. ஏழைகளுக்கான மெடிகெய்டிலும் கட்டாயத் தள்ளுபடி உண்டு. 2006-இல் மெடிகெய்டிலிருந்து 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஏழை முதியவர்களும் ஊனமுற்றோரும் பார்ட் டி-க்கு மாற்றப்பட்டபோது, அவர்களின் மருந்துக்கு இருந்த அந்தத் தள்ளுபடி போய்விட்டது. அதே நோயாளி, அதே மாத்திரை. நிறுவனத்துக்குக் கிடைத்த பணம் மட்டும் கூடியது. புஷ் அரசின்மேல் எழுந்த குற்றச்சாட்டுகளில் மிகவும் கனமானது இதுதான் என்பது என் கணிப்பு.

அந்த மாற்றம் நடந்த விதமும் கொடுமை. ஒரே இரவில், 2005 டிசம்பர் 31 நள்ளிரவோடு, மெடிகெய்டு மருந்து நின்றது. யார் எந்தத் திட்டம் என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். அவர் சாப்பிடும் மருந்து அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மாநிலம், மெடிகேர், காப்பீட்டு நிறுவனம் மூன்றின் பதிவுகளும் ஒத்துப்போகவில்லை. மருந்துக்கடைத் திரையில் சிலருக்குப் பெயரே வரவில்லை. 1 டாலரும் 3 டாலரும் மட்டுமே கட்டவேண்டிய பரம ஏழைகளிடம் 250 டாலர் கேட்கப்பட்டது. மனநோய் மருந்தும் இன்சுலினும் இல்லாமல் ஆட்கள் திரும்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாநில அரசுகள் தங்கள் கஜானாவிலிருந்து அவசரமாகப் பணம் கொடுத்துத்தான் அந்த ஜனவரி கடந்தது. பென்ஸோடயஸபின் வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகளைச் சட்டமே விலக்கியிருந்தது. அந்தக் குறை சரியாவதற்கு 2013 வரை ஆயிற்று.

2007 ஜனவரியில் நான்சி பெலோசி தலைமையிலான சபை, அமைச்சர் பேரம் பேசலாம் என்ற மசோதாவை 255-க்கு 170 என்று நிறைவேற்றியது. புஷ் வீட்டோ செய்வேன் என்றார். ஏப்ரலில் செனட்டில் 55 பேர் ஆதரித்தும் தேவைப்பட்ட 60 கிடைக்காமல் நின்றது. அப்போது பழமைவாதிகள் வைத்த வாதம்: 'வாங்கமாட்டேன்' என்று சொல்லும் அதிகாரம் இல்லாத பேரத்தால் விலை குறையாது. இது உண்மை; காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமும் இதையே சொன்னது. படைவீரர் துறைக்குத் தள்ளுபடி கிடைப்பது, அது தனக்கென்று சின்ன மருந்துப் பட்டியல் வைத்து மற்றதை மறுப்பதாலும்தான். முற்போக்காளர்களின் 2007 மசோதா இந்த இடத்தில் பலவீனமானது. பேரத்தைக் கடைசியில் அனுமதித்த 2022 சட்டத்தில் அந்தப் பாடம் தெரிகிறது: பேச்சுக்கு வர மறுக்கும் நிறுவனத்தின் அந்த மருந்து விற்பனைமேல் 65 சதவீதத்தில் தொடங்கி 95 சதவீதம் வரை ஏறும் வரி.

போட்டியால்தான் பார்ட் டி-யின் செலவு மதிப்பீட்டைவிடக் குறைந்தது என்பது இன்னொரு வாதம். செலவு குறைந்தது நிஜம். ஆனால் அந்த ஆண்டுகளில்தான் பெரிய மருந்துகளின் காப்புரிமை வரிசையாக முடிந்தது. 2011 கடைசியில் கொழுப்பு மருந்தான லிப்பிட்டாரின் ஜெனரிக்கை, அதாவது காப்புரிமை முடிந்தபின் வேறு நிறுவனம் செய்யும் மலிவான அதே மருந்தை, இந்திய நிறுவனமான ரான்பாக்ஸி அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது; 2012-இல் ரத்தம் உறையாமல் காக்கும் பிளாவிக்ஸின் முறை. எதிர்பார்த்ததைவிடக் குறைவான பேர் சேர்ந்ததும் ஒரு காரணம். போட்டி விலையைக் குறைத்தது ஜெனரிக் இருந்த இடத்தில். ஒரே நிறுவனம் விற்கும் மருந்தில் குறையவில்லை.

பழுதுபார்ப்பு மெதுவாக நடந்தது. 2010-இல் ஒபாமாவின் சுகாதாரச் சட்டம் ஓட்டையில் விழுந்தவர்களுக்கு 250 டாலர் காசோலை அனுப்பியது. 2011 முதல் பிராண்டு மருந்துக்குப் பாதி விலை. 2020-க்குள் ஓட்டை 25 சதவீதப் பங்காகச் சுருங்கியது. ஆனால் உச்சவரம்பு இல்லை. புற்றுநோய் மாத்திரைக்கு 5 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் போனது. 2022 ஆகஸ்டில் ஒரு குடியரசுக் கட்சி வாக்கும் இல்லாமல், செனட்டில் 51-க்கு 50 என்று நிறைவேறிய சட்டம்தான் அதை அடைத்தது. 2023 முதல் இன்சுலின் மாதம் அதிகபட்சம் 35 டாலர், தடுப்பூசி இலவசம். 2025-இல் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கைக்காசு இல்லை என்ற வரம்பு வந்தது; 2026-இல் அது 2,100 ஆனது. முதல் 10 மருந்துகளுக்குப் பேசிய விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது: சர்க்கரை மருந்தான ஜனுவியாவின் 30 நாள் பட்டியல் விலை 527 டாலர், பேசிய விலை 113; ரத்தம் உறையாமல் காக்கும் எலிக்விஸ் 521-இலிருந்து 231. தலையிடக் கூடாது என்ற 2003-இன் வரியோ, பேச்சுக்கு எடுக்கப்படாத மற்ற மருந்துகளுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

கட்டமைப்பு தனியாரிடமே இருப்பதால் தேடும் வேலையும் முதியவர் தலையில்தான். ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றலாம். செப்டம்பர் கடைசிக்குள் அடுத்த ஆண்டு மாற்றங்களைச் சொல்லும் கடிதம் வரும், தூக்கிப்போடக் கூடாது. மருந்தின் பெயர், மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை மாத்திரை மூன்றையும் எழுதிக்கொண்டு மெடிகேரின் இணையதளத்தில் கொடுத்து, 'பிரீமியமும் மருந்தும் சேர்ந்த ஆண்டுச் செலவு' என்ற வரிசையில் பார்க்கவேண்டும். பிரீமியம் சுழியாக இருக்கும் திட்டம் பலருக்கு மொத்தத்தில் விலை அதிகம், ஏனெனில் முதலில் கைக்காசாகக் கட்டும் தொகை 2025-இல் 590 டாலர் வரை போனது. வழக்கமான கடை அந்தத் திட்டத்தின் சலுகைக் கடையா என்பதையும் பார்க்கவேண்டும்; அதே திட்டம், அதே மருந்து, கடை மாறினால் விலை மாறும்.

புதுத் திட்டத்தில் பழைய மருந்து இல்லையென்றால், முதல் 90 நாளுக்குள் ஒருமுறை ஒரு மாத அளவு தரவேண்டியது அவர்கள் கடமை. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்கவேண்டும். அந்த மாதத்துக்குள், பட்டியலில் இல்லாவிட்டாலும் அந்த மருந்தைத் தரும்படி கேட்கும் விலக்குக் கோரிக்கைக்கு மருத்துவரிடம் ஆதரவுக் கடிதம் வாங்கவேண்டும். கடிதம் கிடைத்த 72 மணி நேரத்தில், அவசரமென்றால் 24 மணி நேரத்தில், பதில் வரவேண்டும். கோரிக்கைகள் தோற்பதற்குப் பொதுவான காரணம், மாற்று மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதை மருத்துவர் எழுதாமல் 'இது தேவை' என்று மட்டும் எழுதுவது. கைக்காசுக்கான அந்த ஆண்டு வரம்பில் பிரீமியமும், பட்டியலில் இல்லாத மருந்தும், தள்ளுபடிக் கார்டில் காப்பீடு இல்லாமல் வாங்கியதும் சேராது. அந்தக் கைக்காசை மாதத் தவணையாகக் கட்டும் வசதியை ஜனவரியிலேயே கேட்டு வாங்கினால்தான் பயன். நவம்பரில் சேர்ந்தால் பிரித்துக் கட்ட மாதமே இருக்காது.

பிள்ளைகளோடு குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு தனிக் கவனம் தேவை. கிரீன் கார்டு இருந்தால், 65 வயதும் தொடர்ச்சியாக ஐந்தாண்டு வசிப்பும் முடிந்ததும் மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பிரிவான பார்ட் பி வாங்கலாம். அதை வைத்து பார்ட் டி சேரலாம். தகுதி வரும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து மூன்று மாதம் பின்பு வரை ஏழு மாதம் வாய்ப்பு. அதைத் தவறவிட்டு, இணையான வேறு காப்பீடும் இல்லாமல் 63 நாள் கடந்தால் அபராதம் விழும்: தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படை பிரீமியத்தில் 1 சதவீதம், பார்ட் டி வைத்திருக்கும் காலம் முழுக்க. 2025-இன் அடிப்படை 36.78 டாலர், 24 மாதம் தவறினால் மாதம் 8.80 கூடுதல். பயணிகளுக்கான காப்பீடு இணையானதாகக் கருதப்படாது. இந்தியாவில் வாங்கிவரும் மருந்துக்குப் பணம் வராது. அமெரிக்காவுக்கு வெளியே வசித்த மாதங்களை அபராதக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனாலும் சில சமயம் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிக் கடிதம் வந்தால் அதன் தேதியிலிருந்து 60 நாளுக்குள், பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்க நகலோடு மறுபரிசீலனை கேட்கலாம். முடிவு வரும்வரை அபராதத்தைச் சேர்த்தே கட்டிவரவேண்டும்.