வயசான அம்மாவ கூட்டிட்டு வைஷ்ணவி தேவி போகலாமா? தாராளமா போகலாம்

எங்க அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, முழங்கால் வலி வேற, இவங்கள வச்சுகிட்டு ஜம்மு பக்கம் இருக்குற வைஷ்ணவி தேவி கோயிலுக்கு 13 கிலோமீட்டர் மலை ஏறப் போறியான்னு சொந்தக்காரங்க எல்லாரும் பயமுறுத்தினாங்க. போயிட்டு வந்தாச்சு, அம்மா திருப்தியா கும்பிட்டாச்சு. அதனால வயசானவங்கள கூட்டிட்டு போக யோசிக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

முதல்ல ரயில். மலை அடிவாரத்துல இருக்குற கத்ரா ஊருக்கே 2014ல ஸ்டேஷன் வந்துருச்சு, முன்னாடி மாதிரி ஜம்முல இறங்கி பஸ் புடிக்க வேண்டாம். சென்னைல இருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரில இருந்து ஹிம்சாகர் நேரா அங்கயே போகுது, ஆனா ரொம்ப நீளமான பயணம், முடிஞ்சா டெல்லி வரைக்கும் ஃப்ளைட்ல போயிட்டு அங்கருந்து ரயில் ஏறுங்க, பெரியவங்களுக்கு அலுப்பு தெரியாது. இன்னொன்னு, நம்ம ஊரு ப்ரீபெய்டு சிம் ஜம்மு பக்கம் வேலை செய்யாது, கூட வர்றவங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

கத்ராவுல ஆதார காட்டினா போட்டோ எடுத்து யாத்ரா கார்டு தர்றாங்க, காசு கிடையாது, அது இல்லாம மலை ஏற விடமாட்டாங்க. இப்போ முக்கியமான விஷயம். மேல போக ரெண்டு பாதை இருக்கு. பாண்கங்கா வழியா போற பழைய பாதைல குதிரையும் ஆளும் ஒண்ணா போகணும், சாணி, நாத்தம், பின்னாடி இருந்து குதிரை வந்துகிட்டே இருக்கும், கால் தடுமாறுற வயசுல இது சரிப்படாது. 2018ல திறந்த தாராகோட் பாதைல குதிரைக்கு அனுமதியே கிடையாது, ஏத்தமும் அவ்வளவு செங்குத்தா இல்ல, சுத்தமா இருக்கு, வழியில இலவச சாப்பாடும் போடுறாங்க. அம்மாவ நான் இதுலதான் உக்காந்து உக்காந்து மெதுவா கூட்டிட்டு போனேன். ரெண்டு பாதையும் பாதி வழில அர்த்குவாரில வந்து சேரும்.

அர்த்குவாரில இருந்து கோயில் வரைக்கும் பேட்டரி கார் ஓடுது, இதுதான் பெரியவங்களுக்கு உயிர் நாடி. கோயில் போர்டு வெப்சைட்லயே முன்கூட்டி புக் பண்ணிடுங்க, அங்க போயி பாத்துக்கலாம்னு விட்டா கவுண்டர்ல கூட்டம் தாங்காது. மழை பெஞ்சு கல்லு சரிஞ்சா வண்டிய நிறுத்திடுவாங்க. ஹெலிகாப்டரும் இருக்கு, அது சாஞ்சிசத் வரைக்கும்தான், அதுக்கப்புறம் ரெண்டரை கிலோமீட்டர் நடக்கணும், மேகம் மூடுனா அன்னிக்கு பறக்காது. ஹெலிகாப்டர் பேர்ல போலி வெப்சைட் நிறைய திரியுது, ஜாக்கிரதை. அர்த்குவாரில இருக்குற கர்ப்ப குகைல தவழ்ந்து போகணும், அதுக்கு பல மணி நேரம் காத்திருக்கணும், அம்மா வெளியவே கும்பிட்டுகிட்டாங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

மேல செல்போன், பெல்ட், பர்ஸ் எல்லாம் லாக்கர்ல வச்சிட்டுதான் க்யூ. இங்க ஒண்ணு முன்னாடியே சொல்லி கூட்டிட்டு போங்க: நம்ம ஊரு அம்மன் மாதிரி சிலை, அலங்காரம்லாம் கிடையாது. பாறையில இயற்கையா மூணு பிண்டி, அதாவது உருவம் செதுக்காத கல்லு, மகாகாளி, மகாலக்ஷ்மி, மகாசரஸ்வதி, அவ்வளவுதான். நிக்கிறது சில நொடிதான், தெரியாம போனா எங்க பாக்கணும்னு தேடுறதுக்குள்ள நகர்த்திடுவாங்க. அம்மாவுக்கு ரயில்லயே சொல்லி வச்சிருந்தேன், அதனால குனிஞ்சு நேரா பிண்டிய பாத்தாங்க, கண்ணு கலங்கிருச்சு. பழைய இயற்கை குகைய கூட்டம் கம்மியா இருக்குற குளிர் காலத்துலதான் திறப்பாங்க, மத்த நாள்ல பின்னாடி வெட்டின சுரங்கப்பாதை வழியாதான் போகணும். குளிர் தாங்குறவங்க ஜனவரி, பிப்ரவரில முயற்சி பண்ணலாம்.

பைரவர் கோயில பாத்தாதான் யாத்திரை முழுசாகும்னு ஐதீகம். அது இன்னும் மேல, நல்ல செங்குத்து ஏத்தம், முன்னாடி பெரியவங்க பாதி பேர் கீழயே நின்னுடுவாங்களாம். 2018 கடைசில ரோப்கார் வந்த பிறகு சில நிமிஷத்துல போயிடலாம். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் இதுலதான்.

சாப்பாடு போர்டு நடத்துற போஜனாலயால ராஜ்மா சாதம், கடி (நம்ம மோர்க்குழம்பு மாதிரி) சாதம், விலை கம்மி, சூடா இருக்கு. மலைல வெங்காயம் பூண்டு கிடையாது. காரம் வேணும்னா ஊறுகா எடுத்துட்டு போங்க.

ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். 2025 ஆகஸ்ட்ல அர்த்குவாரி பக்கத்துல மண்சரிவுல முப்பது பேருக்கு மேல இறந்துபோனாங்க. மார்ச் இல்லனா அக்டோபர் கடைசி, நவராத்திரி கூட்டம் முடிஞ்ச பிறகு, பெரியவங்களுக்கு அதுதான் தோது, ஸ்வெட்டர் கண்டிப்பா எடுத்துக்கோங்க.