வேலைப் பட்டியலை எப்படிப் பிரிப்பது: துறைவாரியா, இடவாரியா, அவசரவாரியா?

அன்றாட வேலைகளைச் செயலியில் வகை பிரிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. துறைவாரியாக: வீடு, கார், ஆபீஸ், கோயில். இடவாரியாக: போன், கம்ப்யூட்டர், டவுன். மூன்றாவது, முக்கியம், அவசரம் இரண்டையும் வைத்துப் போடும் ஐசன்ஹோவர் கட்டம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கத்துக் குடும்பம் ஒன்று கார் லைசன்ஸ் டிஸ்க்கை, அதாவது முன்கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டை, புதுப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

துறைவாரியில் அது ‘கார்’ பட்டியலில் டயர், சர்வீஸ், இன்ஷூரன்ஸோடு சேர்ந்துவிடும். எதுவும் தொலையாது. ஆனால் சனிக்கிழமை டவுனுக்குக் கிளம்பும்போது யார் ‘கார்’ பட்டியலைத் திறக்கிறார்கள்? மளிகை ‘வீட்டில்’ இருக்கும், காவடிக்கான பூஜைச் சாமான் ‘கோயிலில்’ இருக்கும். இரண்டையும் வாங்கி வந்த பிறகுதான் டிஸ்க் ஞாபகம் வரும்.

அவசரக் கட்டம் பார்க்க அழகு, பராமரிப்பதுதான் தொல்லை. இரண்டு மாதம் முன்பு ‘முக்கியம், அவசரமில்லை’ என்று போட்ட டிஸ்க், நாள் நெருங்கினாலும் தானாகக் கட்டம் மாறாது. காலாவதிக்குப் பின் 21 நாள் சலுகை உண்டு, அதுவும் தாண்டினால் அபராதம். இதற்குக் கட்டம் எதற்கு? தேதி போட்டால் போதும்.

இடவாரிக்குத்தான் என் ஓட்டு, ஏனென்றால் அது வேலையை உடைக்க வைக்கிறது. ‘அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று பிரிண்ட் எடு’ என்பது கம்ப்யூட்டரில் முடியும். ‘கவுண்டரில் பணம் கட்டி டிஸ்க் வாங்கு’ என்பது டவுனில். பிரிண்ட் இல்லாமல் வரிசையில் நின்று திரும்பி வர வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் இன்னொரு வகையும் வேண்டும்: ‘கரண்ட் வேண்டாம்’. 2023 போல லோட்ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) அடுக்கடுக்காக வந்தால், போன் பேசுவது, காகிதங்களை அடுக்குவது, சமையல் சாமான் கணக்கு எடுப்பது எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் ஓடும்.

இதிலும் ஓட்டை உண்டு. வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்குக் ‘கம்ப்யூட்டர்’ என்ற வகையில் எல்லாமே விழுந்துவிடும். அவர் அதை ‘10 நிமிஷம்’, ‘கவனம் தேவை’ என இரண்டாக்கட்டும். மொத்தம் ஏழு வகைக்கு மேல் போனால் போடவே மறந்துபோகும்.

டூடூயிஸ்ட் (Todoist) செயலியில் ஒரு வேலை ஒரு ப்ராஜெக்டில்தான் இருக்க முடியும், லேபிள் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆகவே ப்ராஜெக்ட் துறைக்கு, லேபிள் இடத்துக்கு. பி1 என்ற முதல் முன்னுரிமைச் சிவப்புக் குறி அன்றைய மூன்று வேலைக்கு மட்டும்; இரவில் வேலை மிச்சமிருந்தால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். கூகுள் டாஸ்க்ஸில் லேபிள் கிடையாது. அங்கே பட்டியல்களை இடவாரியாக வைத்து, துறையை வேலையின் தலையில் எழுதுங்கள்: ‘கார்: டிஸ்க் வாங்கு’. துறைவாரிப் பார்வை ஞாயிற்றுக்கிழமைச் சரிபார்ப்புக்கு மட்டும். ஒரு மாதமாக ஒரு வேலைகூட விழாத லேபிளை அன்றைக்கே அழித்துவிடலாம்.