அக்ரிலிக் போர்டுக்கு முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுத்துவிடாதீர்கள்

நேற்று ராத்திரி ஒரு போர்டின் மூலையை நகத்தால் நெருடினேன். படம் முழுவதும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து கையோடு வந்துவிட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்கான கிளியர் அக்ரிலிக்கில், பின்பக்கம் படம் வரும்படி 12 போர்டு கேட்டிருந்தேன். முன்பக்கம் வழவழவென்று இருக்கும், எத்தனை முறை துடைத்தாலும் படம் தேயாது என்பதற்காகத்தான் பின்பக்கம். கடைக்காரர் கையளவு சாம்பிள் ஒன்றை நீட்டி, "சுரண்டிப் பாருங்க" என்றார். சுரண்டினேன், ஒரு கீறல் இல்லை. அது அக்ரிலிக் மேலேயே யூவி மையில், அதாவது புற ஊதா ஒளி பட்டதும் இறுகிவிடும் மையில், அடித்தது. படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, அதற்கு மேல் வெள்ளை மை அடிக்க வேண்டும், வெள்ளை இல்லாவிட்டால் நிறம் வெளிறி, பின்னாலுள்ள சுவர் தெரியும் என்று அவரே பொறுமையாக விளக்கினார். இவ்வளவு சொல்லித் தருகிறவர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? 12 போர்டுக்கும் முழுப் பணத்தை அங்கேயே கொடுத்தேன்.

வந்தது ஸ்டிக்கர். சாதாரண கிளியர் வினைல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அடித்துப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். வெள்ளை இல்லவே இல்லை. பசை படியாத இடமெல்லாம் வெள்ளி பூத்த மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது. உள்ளே தூசி, ஒரு தலைமுடி வேறு! பாதுகாப்புத் தாளை உரித்ததுமே அக்ரிலிக் தூசியை இழுக்கும். அதைத் துடைக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை போல.

போன் செய்தேன். "தண்ணி தெளிச்சு ஒட்டினது, நாலு நாள்ல பபிள் தானா போயிடும்." தண்ணீர் காயும், சரி. தலைமுடி எப்படிக் காயும்? அடுத்த வாரம், "உங்க சுவர்ல சூடு அதிகம்." அப்புறம், "யூவி பிரிண்ட்னு நீங்க எழுதித் தரலையே." இப்போது போனையே எடுப்பதில்லை. 12 போர்டு, முழுப் பணம்!

யூவியா ஸ்டிக்கரா, வெள்ளை உண்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சாம்பிளைத் திருப்பித் தராதீர்கள். முதல் போர்டைச் சுரண்டிப் பார்த்தபின் மீதிப் பணம். அப்புறம், பசையை எடுக்கிறேன் என்று ஆல்கஹால் போட்டுத் துடைக்காதீர்கள், லேசரில் வெட்டிய ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். எனக்கு இரண்டு போர்டு அப்படித்தான் போயின.