டாக்டர் ஆகணும்னா ஹாப்கின்ஸா, யுடி ஆஸ்டினா, யுடி டாலஸா?

மார்ச் கடைசில அட்மிஷன் ரிசல்ட் எல்லாம் வந்துடும், மே 1க்குள்ள ஏதாவது ஒரு காலேஜுக்கு டெபாசிட் கட்டியாகணும், நடுவுல இருக்கற அந்த ஒரு மாசம் டெக்ஸஸ்ல டாலஸை ஒட்டின ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் நம்ம ஆளுங்க வீட்ல ஓடற பேச்சு இது ஒண்ணு தான். பிள்ளைக்கு பால்டிமோர்ல இருக்கற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கிடைச்சிருக்கு, யுடி ஆஸ்டினும் (யுடின்னா யூனிவர்சிட்டி ஆஃப் டெக்ஸஸ்) கிடைச்சிருக்கு, யுடி டாலஸ்ல ஸ்காலர்ஷிப்போட கூப்பிடறாங்க, டாக்டர் ஆகணும்னா எதுல சேக்கறது? ஊர்ல மாதிரி பிளஸ் டூ முடிச்ச கையோட நீட் எழுதிட்டு நேரா எம்பிபிஎஸ் போற வழி இங்க பெரும்பாலும் இல்ல, நாலு வருஷம் டிகிரி, எம்கேட்ங்கற நுழைவுத் தேர்வு, அப்புறம் தான் மெடிக்கல் ஸ்கூல். அதனால அந்த நாலு வருஷம் எங்க படிக்கறோம்ங்கறதுலயே எல்லாம் முடிவாயிடும்னு பெத்தவங்களுக்கு ஒரு பயம். நான் பாத்த வரைக்கும் காலேஜோட பேர் சீட்டுக்குப் பண்ற உதவி ரொம்ப கம்மி, அந்த காலேஜ்ல வாங்கற கிரேடும் அங்க செலவாகற பணமும் பண்ற வித்தியாசம் தான் பெருசு.

முதல்ல கிரேடு. நாடு முழுக்க அப்ளை பண்றவங்கள்ல பாதிக்கும் கம்மியானவங்களுக்குத் தான் எம்டி சீட் (ஊர்ல எம்பிபிஎஸ் மாதிரி, டாக்டர் ஆகற முதல் டிகிரி) கிடைக்குது, சேர்றவங்களோட ஜிபிஏ, அதாவது காலேஜ் கிரேடு சராசரி, 4க்கு 3.7க்கு மேல, எம்கேட் 528க்கு 511, 512 கிட்ட. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளிகேஷன் போடற ஆம்காஸ் சிஸ்டம்ல எல்லா காலேஜ் கிரேடும் ஒரே கணக்கு தான், கஷ்டமான காலேஜ்னு யாருக்கும் ரெண்டு பாயிண்ட் கூட்டிப் போடறது கிடையாது. டெக்ஸஸ் பப்ளிக் மெடிக்கல் ஸ்கூல்களுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ்னு தனி சிஸ்டம், அதுல பிளஸ் மைனஸே கிடையாது, ஏ மைனஸ் வாங்கினா முழு 4.0, ஆனா பி பிளஸ் வாங்கினா வெறும் 3.0.

இதை ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாருங்க. கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பயாலஜி, பிசிக்ஸ்னு எட்டு முக்கியமான சயின்ஸ் கோர்ஸ், எல்லாத்துக்கும் ஒரே கிரெடிட்னு வச்சுக்கலாம், நாலுல ஏ, நாலுல பி பிளஸ். ஆம்காஸ்ல பி பிளஸுக்கு 3.3, ஏ மைனஸுக்கு 3.7, அதனால இது 3.65, டிஎம்டிஎஸ்ஏஎஸ்ல 3.5. அதே நாலு கோர்ஸ்ல பி பிளஸுக்குப் பதிலா ஏ மைனஸ் வந்திருந்தா ஆம்காஸ்ல 3.85, டெக்ஸஸ்ல முழு 4.0. பரீட்சையில ஒரு சில மார்க் வித்தியாசத்துல இது நடக்குது, அதுவும் கர்வ் போட்டு, அதாவது மத்த பசங்க மார்க்கோட ஒப்பிட்டு, கிரேடு குடுக்கற கிளாஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கறவங்க யாருங்கறதைப் பொறுத்து நடக்குது. ஹாப்கின்ஸ் மாதிரி இடத்துல ஆர்கானிக் கிளாஸ்ல இருக்கற நிறைய பேர் அவங்கவங்க ஸ்கூல்ல முன்னணில வந்தவங்க, அதுல பல பேருக்கு வேண்டியது மெடிக்கல் சீட்டு தான்.

அதுக்காக பெரிய பேர் காலேஜ்னாலே கிரேடு குறையும்னு சொல்ல மாட்டேன், எல்லா இடமும் ஒண்ணு கிடையாது. பிரின்ஸ்டன்ல 2004ல இருந்து 2014 வரைக்கும் ஏ கிரேடு 35 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு பாலிசியே வச்சிருந்தாங்க, அதே சமயம் ஹார்வர்டுல 2013ல வெளிய வந்த தகவல்படி அதிகமா குடுக்கப்படற கிரேடே ஏ தான். அதனால ரேங்கிங் லிஸ்ட்டை மட்டும் பாத்து முடிவெடுக்காம, அந்தந்த காலேஜ்ல முதல் வருஷ கெமிஸ்ட்ரி கிளாஸ்ல எப்படி கிரேடு போடறாங்கன்னு அங்க படிக்கற பசங்க ரெண்டு பேர் கிட்ட கேளுங்க.

ஹாப்கின்ஸ்ல நிஜமாவே என்ன கிடைக்கும்? ரிசர்ச். கேம்பஸ்ல இருந்து ஷட்டில் ஏறினா ஹாஸ்பிடல், உலக அளவுல பேர் வாங்கின லேப் எல்லாம் அங்க, முதல் வருஷத்துலயே பிள்ளைங்க உள்ள நுழைஞ்சிடறாங்க. எம்டியோட பிஎச்டியும் சேத்து பண்ணணும், ரிசர்ச்சை முதன்மையா வச்சிருக்கற டாப் பிரைவேட் மெடிக்கல் ஸ்கூல் தான் வேணும்னு பிள்ளைக்கு இப்பவே தீர்மானமா இருந்தா அங்க போறதுக்கு நியாயம் இருக்கு. அந்த மாதிரி மெடிக்கல் ஸ்கூல் கிளாஸ்கள்ல ஐவி லீக் (ஹார்வர்டு, பிரின்ஸ்டன் மாதிரி பழைய பெரிய பேர் காலேஜ்கள்), ஹாப்கின்ஸ் மாதிரி இடத்துல படிச்ச ஆளுங்க நிறைய இருக்கறதும் உண்மை தான். ஆனா அவங்க எங்க போயிருந்தாலும் நல்லா பண்ணியிருக்கக் கூடியவங்க, அந்த வெற்றி முழுசையும் காலேஜ் கணக்குல எழுதறது சரியில்ல.

யுடி ஆஸ்டின் பெரிய கடல். ஊர்ப்பட்ட பிரீமெட் பசங்க, அதாவது மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகறவங்க, முதல் வருஷ கிளாஸ்ல நூத்துக்கணக்குல உக்காருவாங்க, புரொஃபசருக்கு உங்க பிள்ளை பேர் தெரியணும்னா புரொஃபசர் பசங்களைத் தனியா பாக்கற ஆஃபீஸ் அவர்ஸ்ல பிள்ளை தானா போய் உக்காரணும், கூச்ச சுபாவம் இருக்கற பசங்களுக்கு இது கஷ்டம், ரெகமெண்டேஷன் லெட்டர் கேக்கற நேரத்துல தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனா யுடி ஆஸ்டினோட டெல் மெடிக்கல் ஸ்கூல் 2016ல வந்ததுக்கு அப்புறம் கேம்பஸ் பக்கத்துலயே எல்லாம் இருக்கு, மனசு மாறினா கம்ப்யூட்டர் சயின்ஸோ பிசினஸோ போறதுக்கும் பேர் சொல்லக்கூடிய இடம்.

யுடி டாலஸை நம்ம ஆளுங்க வீட்டுப் பக்கத்து காலேஜ்னு லேசா நினைக்கறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. தேசிய அளவு பரீட்சைல முன்னணில வர்ற நேஷனல் மெரிட் பசங்களுக்கு நல்ல ஸ்காலர்ஷிப் குடுக்கறாங்க, கிரீன் ஃபெலோஸ்னு ஒரு புரோகிராம்ல ஒரு செமஸ்டர் முழுக்க டாலஸ்ல இருக்கற மெடிக்கல் ஸ்கூலான யுடி சவுத்வெஸ்டர்ன் லேப்ல வேலை பாக்கலாம், கொஞ்ச தூரத்துல பார்க்லேண்ட் மாதிரி பெரிய பப்ளிக் ஹாஸ்பிடல். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துப் பொண்ணு அங்க தான் படிச்சா, எமர்ஜென்சில ஸ்க்ரைப் வேலை. ராத்திரி ஷிஃப்ட்ல டாக்டர் பின்னாடியே லேப்டாப் ஸ்டாண்டைத் தள்ளிட்டுப் போய் பேஷண்ட் சொல்றதை எல்லாம் டைப் பண்ணணும், காலையில ஆறரைக்கு வந்து கார்லயே ஒரு மணி நேரம் தூங்கிட்டு கிளாஸுக்குப் போவா. இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சதும் பேசினப்போ, "காலேஜ் பத்தி பெருசா யாரும் கேக்கல அங்கிள், பாட்டி ஒருத்தங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு எழுதியிருந்தேன்ல, அதைப் பத்தியே தான் கேட்டாங்க"ன்னா. அவ இப்ப டெக்ஸஸ்லயே மெடிசின் படிக்கறா.

இப்ப பணம், எனக்கு இது தான் முக்கியமா படுது. ஸ்காலர்ஷிப், உதவி எதுவும் இல்லன்னா ஹாப்கின்ஸ்ல தங்கறது சாப்பாடு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 90 ஆயிரம் டாலர் பக்கம் ஆகுது, ஆஸ்டின்ல டெக்ஸஸ் பசங்களுக்கு 30 ஆயிரம் சொச்சம், டாலஸ்ல வீட்ல இருந்து போனா அதுக்கும் கம்மி. நாலு வருஷத்துக்கு வித்தியாசம் ரெண்டு லட்சம் டாலருக்கு மேல. டெக்ஸஸ் பப்ளிக் மெடிக்கல் ஸ்கூல்ல டியூஷன் வருஷத்துக்கு 20, 25 ஆயிரம் தான், அதாவது காலேஜ்ல மிச்சம் பிடிச்ச பணத்துல மெடிக்கல் ஸ்கூலே முடிச்சிடலாம். 2025ல வந்த சட்டப்படி 2026 ஜூலை 1ல இருந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு, மேல் படிப்புக்கு அரசாங்கம் குடுத்த கிராட் பிளஸ் லோன் கிடையாது, மெடிக்கல் ஸ்டூடண்ட்டுக்கு ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம் தான் உச்சவரம்பு, மேல வேணும்னா பிரைவேட் பேங்க், அதுக்கு கோ-சைன் போட, அதாவது கடனுக்குப் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட, பெரும்பாலும் அப்பா அம்மா வேணும். ரிட்டயர்மெண்ட் பணத்தைத் தொட்டு அண்டர்கிராட் ஃபீஸ் கட்டிட்டு நாலு வருஷம் கழிச்சு திரும்ப கையெழுத்துப் போட நிக்கற நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், டெக்ஸஸ் பப்ளிக் மெடிக்கல் ஸ்கூல்கள்ல வெளி மாநிலத்துக்காரங்க 10 சதவீதத்துக்கு மேல போக முடியாது. இந்த ஊர்க்காரங்களுக்கு இதை விட பெரிய சலுகை எந்த காலேஜ் பேராலயும் வராது. பால்டிமோர் போய் படிச்சாலும் வீடு டெக்ஸஸ்ல இருந்தா பொதுவா அந்தச் சலுகை கூடவே இருக்கும், அதை மட்டும் நினைச்சு பயப்பட வேண்டாம்.

பிரவுன்ல பிஎல்எம்இன்னு எட்டு வருஷ புரோகிராம் இருக்கு, எம்கேட் இல்லாமலே அவங்க மெடிக்கல் ஸ்கூலுக்குப் போயிடலாம், கிடைச்சா அது வேற கணக்கு. ஆனா 17 வயசுல பிள்ளை அதை ஆசைப்பட்டு எழுதுதா, நாம எழுத வைக்கறோமான்னு மட்டும் பாத்துக்கணும்.

ஏன்னா பிரீமெட்னு ஆரம்பிக்கற பசங்கள்ல நிறைய பேர் ரெண்டாவது வருஷத்துக்குள்ள வேற பக்கம் திரும்பிடறாங்க, அது தோல்வி இல்ல. பேருக்கு மதிப்பு இருக்கறது இங்க தான், கன்சல்டிங், ஃபைனான்ஸ் பக்கம் போகணும்னா எந்த காலேஜ்னு கண்டிப்பா பாக்கறாங்க. அதனால பிள்ளைக்கு மெடிசின் மேல அரை மனசுன்னு தெரிஞ்சா என் ஓட்டு ஆஸ்டினுக்கு, டாக்டர் தான்னு உறுதியா இருந்தா ஸ்காலர்ஷிப்போட டாலஸுக்கு, முழு ஸ்காலர்ஷிப்போ நல்ல ஃபைனான்ஷியல் எய்டோ கிடைச்சு ரிசர்ச்ல வெறியும் இருந்தா தாராளமா ஹாப்கின்ஸுக்கு.

காலேஜ் எதுவா இருந்தாலும் "எங்க பசங்கள்ல இத்தனை சதவீதம் பேர் மெடிக்கல் ஸ்கூல் போறாங்க"ன்னு சொன்னா, முதல் வருஷம் பிரீமெட்னு வந்தவங்க எத்தனை பேர், கடைசில அப்ளை பண்ணினவங்க எத்தனை பேர்னு கேளுங்க. சில காலேஜ்ல கமிட்டி லெட்டர்னு காலேஜ் சார்புல ஒரு ரெகமெண்டேஷன் குடுப்பாங்க, மார்க் கம்மியா இருக்கற பசங்களுக்கு அந்த லெட்டரைத் தராம தடுத்துட்டா மிச்சப் பேரை வச்சு சதவீதம் தானா ஏறிடும்.

பிள்ளைங்க எச்4ல (எச்1பி வேலை விசாக்காரங்க குடும்பத்துக்கான விசா) இருக்கற வீடுகளுக்குத் தனியா சொல்லணும். கிரீன் கார்டு வர்றதுக்குள்ள பிள்ளைக்கு 21 ஆயிட்டா எஃப்1 ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறணும், நிறைய மெடிக்கல் ஸ்கூல் சிட்டிசனாவோ கிரீன் கார்டு இருக்கறவங்களாவோ இருந்தா தான் அப்ளிகேஷனையே பாப்பாங்க. அந்த நிலைமையில இருக்கறவங்க ஹாப்கின்ஸா ஆஸ்டினான்னு பேசறதுக்கு முன்னாடி, இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்ஸை எடுக்கற மெடிக்கல் ஸ்கூல் எது எதுன்னு ஒரு லிஸ்ட் போட்டு, ஒரு இமிக்ரேஷன் வக்கீலையும் இப்பவே பாத்துடுங்க.